எட்டுக் கோடையும் ஓர் ஒல்லிப் படகும்: அல்பின் வேகா 27

ஸ்வீடனின் கோத்தன்பர்க் தீவுகளுக்கு நடுவே எட்டுக் கோடையாக ஓர் அல்பின் வேகா 27 ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 1970களில் வார்த்த ஃபைபர் கிளாஸ் பாய்மரப் படகு, என்னைவிட மூத்தது. ஒரு பழைய காரின் விலைக்குக் கிடைத்தது. பெர் ப்ரோஹால் என்ற ஸ்வீடன்காரர் வடிவமைத்த இந்த மாடலில் 1979 வரை சுமார் 3,400 படகுகள் வெளிவந்தன. இங்கே எந்தப் படகுத்துறையில் கட்டினாலும் பக்கத்தில் இன்னொரு வேகா நிற்கும், சந்தேகம் கேட்க ஆள் கிடைக்கும்.

பார்க்கிறவர்கள் முதலில் சொல்வது, "ரொம்ப ஒல்லியா இருக்கே!" உண்மைதான். நீளம் 8.25 மீட்டர், அகலம் வெறும் 2.46 மீட்டர். கேபினில் ஒருவர் காபி போட எழுந்தால் மற்றவர் காலை மடக்கிக்கொள்ள வேண்டும். ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவன் என்பதால் எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. மனைவிக்குத் தெரிந்தது. இப்போது பகல் பயணத்துக்கு மட்டும்தான் வருகிறாள்.

அந்த ஒல்லி உடம்பின் அருமை கடலுக்குப் போனால்தான் புரியும். மொத்த எடை 2,300 கிலோ, அதில் 900 கிலோவுக்கு மேல் அடியில் கிடக்கும் இரும்பு. லேசான காற்றுக்கே சட்டென்று சாயும், புதிதாக ஏறியவர்கள் முகம் வெளிறிப்போகும். ஆனால் ஓரளவு சாய்ந்ததும் அந்த இரும்பு இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அதற்கப்புறம் அசையாது. மார்ஸ்ட்ராண்டுக்கு வெளியே எதிரலையில் அகலமான படகுகள் பொத் பொத்தென்று அடிவாங்கும்போது இது கீறிக்கொண்டு போகிறது. 2011-12இல் மாட் ரதர்ஃபோர்ட் என்ற அமெரிக்கர் ஒரு வேகாவில்தான் தன்னந்தனியாக, எங்கும் நிற்காமல், ஆர்க்டிக் வழியாக வட, தென் அமெரிக்காக்களைச் சுற்றி வந்தார். நான் அந்த ரகம் இல்லை. ஆனால் அலை எழும்பும்போது அந்த நினைப்பு கொஞ்சம் தெம்பு தரும்.

முதல் கோடையில் என்னைப் படுத்தியது சுக்கான். காற்று வினாடிக்கு எட்டு மீட்டரைத் தொட்டால் போதும், படகு காற்றைப் பார்த்துத் திரும்பத் துடிக்கும். சுக்கான் பிடியை நெஞ்சோடு சேர்த்து இழுத்துப் பிடித்தே மாலைக்குள் முழங்கை மரத்துவிடும். படகில்தான் கோளாறு என்று நினைத்தேன். பக்கத்துப் படகுப் பெரியவர் ஒருநாள் பார்த்துவிட்டு, "முன் பாயை அப்படியே விட்டுடு, பெரிய பாயைச் சுருக்கு" என்றார். சுருக்கினேன். இரண்டு விரலால் ஓட்ட முடிந்தது, வேகமும் குறையவில்லை. அந்த வருஷம் முழுக்க வீம்புக்குப் பாயை விரித்துவைத்திருந்தது நான்தான்.

துறைக்குள் கதை வேறு. படகின் அடிக்கட்டை (கீல்) நீளம், அதன் வாலிலேயே சுக்கான். அதனால் ரிவர்ஸ் போவது மாட்டுவண்டியைப் பின்னுக்குத் தள்ளுவது மாதிரி, பின்பக்கம் அதன் இஷ்டத்துக்குப் போகும். இப்போதெல்லாம் முதலில் கயிறு, அப்புறம்தான் இஞ்சின். என் படகில் பழைய காம்பி புரொபெல்லரே இன்னும் இருக்கிறது. இதில் கியர் கிடையாது. இலைகளே திரும்பி முன்னே, பின்னே தள்ளும். பாய் விரித்ததும் இலைகளைத் தண்ணீரின் போக்குக்கு நேராக நிறுத்திவிடலாம், இழுவை குறையும். எனக்கு மிகவும் பிடித்த சாமான் இது. உதிரி பாகம் தேடும் நாட்களில் மட்டும் பிடிக்காது.

அடியிலிருக்கும் இரும்பை ஃபைபர் உறைக்குள்ளேயே மூடிவிட்டதால், அடிக்கட்டையைப் பிடித்திருக்கும் போல்ட் துருப்பிடிக்குமோ என்ற கவலை இல்லை. அதற்காகப் பாறையில் மோதலாம் என்று அர்த்தமில்லை. ஐந்தாம் வருஷம் வ்ரோங்யோ தீவருகே வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமல் போய் உரசினேன். அக்டோபரில் கரையேற்றியபோது மயிரிழை விரிசல் ஒன்றிலிருந்து தேநீர் நிறத்தில் சொட்டுச் சொட்டாக வடிந்தது. வாரக்கணக்கில் நிற்கவில்லை. நன்றாகக் காயவிட்டு, தேய்த்து, எபாக்சி பிசின் பூசி முடிப்பதற்குள் வசந்தம் வந்துவிட்டது.

விற்கும் எண்ணம் இல்லை. இந்தக் குளிர்காலத்துக்குள் ஜன்னல் ரப்பரை மாற்ற வேண்டும், இடதுபக்கத் தலையணை மூன்றாம் முறையாக நனைந்துவிட்டது.