பன்னிரண்டு வருடம் சமூக ஊடகம்: ஒரு பாத்திரக் கடைக்காரனின் அனுபவம்

கும்பகோணத்தில் நாங்கள் காலத்தை மகாமகத்தை வைத்துதான் எண்ணுவோம். அக்கா கல்யாணம் 1980 மகாமகம் முடிந்த வைகாசியில், எனக்குக் கல்யாணம் 1992 மகாமகத்துக்கு ஐந்து வருடம் முன்னால் என்றுதான் வீட்டில் பேச்சு போகும். நான் ஸ்மார்ட்போன் வாங்கியது 2013 தீபாவளிக்கு. பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது, அதாவது ஒரு மகாமக இடைவெளி. எழுதுவதற்கு இதுதான் சரியான நேரம் என்று தோன்றியது.

எங்களுக்கு மூன்று தலைமுறையாகப் பாத்திரக் கடை. குக்கர் வாங்கி ஒரு வாரத்தில் அது நல்லது கெட்டது என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. இரண்டு தடவை கேஸ்கெட் மாற்றட்டும், கைப்பிடி ஒருமுறை தளரட்டும், அப்புறம் சொல்லட்டும். அந்தக் கணக்கில் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், குட்டி வீடியோ எல்லாவற்றையும் போதுமான அளவு புழங்கிவிட்டேன்.

நான் பழமையில் பிடிப்புள்ளவன். அதை மறைத்துக்கொண்டு எழுத விருப்பமில்லை. பழசு என்பதாலேயே ஒன்றைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று சொல்லவில்லை. தாத்தா காலத்தில் எங்கள் கடைத் திண்ணையில் சிலர் ஏறக் கூடாது என்று இருந்தது. அப்பா அதை ஒழித்தார், அது ஒழிந்தது நல்லது. ஆனால் ஒரு வழக்கத்தை விடுவதற்கு முன்னால் அது எதற்காக இருந்தது என்று ஒருமுறையாவது கேட்க வேண்டும். இந்தப் பன்னிரண்டு வருடத்தில் நாம் விட்டவற்றில் பலவற்றை யாரும் கேட்டு விடவில்லை. கை தானாக விட்டுவிட்டது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாத்திரத்தில் பெயர் வெட்டுவதில் முன்பெல்லாம் பெரிய தலைவலி. வெளியூரிலிருந்து போனில் சொல்வார்கள், இரைச்சலில் 'கமலா' 'விமலா' ஆகிவிடும். எவர்சில்வரில் வெட்டினால் வெட்டினதுதான், அழிக்க முடியாது. இப்போது வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுகிறார்கள், முதலெழுத்து உட்பட. துபாயில் இருக்கும் பையன் தங்கை கல்யாணச் சீர்வரிசைக்கான பட்டியலை அனுப்புகிறான், நான் ஒவ்வொன்றையும் படம் எடுத்து அனுப்புகிறேன், அன்றைக்கே முடிவாகிவிடுகிறது. ஃபேஸ்புக்கில் என்னோடு பத்தாவது படித்த பதினோரு பேர் கிடைத்தார்கள். ஒருவன் ரூர்கேலாவில் இருந்தான், செத்துப்போய்விட்டான் என்றே நினைத்திருந்தோம். 2015-ல் எல்லோரும் ஒரு மண்டபத்தில் கூடி, எங்களுக்குக் கணக்கு எடுத்த சாரை வரவழைத்து வணங்கினோம். கொரோனா இரண்டாம் அலையில் என் மைத்துனரின் கடைசிக் காரியத்தை வீடியோவில்தான் பார்த்தேன். அந்த வசதி அன்றைக்கு இல்லாவிட்டால் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். நன்றி மறக்கக் கூடாது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அதுவரை நெட்டுக்குக் காசு பார்த்துப் பார்த்துச் செலவழித்தவர்கள் நாங்கள். அடுத்த மார்ச் வரை இலவசம் என்றதும் கடைப் பையனிலிருந்து எண்பது வயது அத்தை வரை எல்லோர் கையிலும் வீடியோ ஓட ஆரம்பித்தது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, மதியம் கூட்டமில்லாத நேரத்தில் கடைப் பையன்கள் பேசிக்கொண்டே பித்தளைக்குப் புளி போட்டுத் தேய்ப்பார்கள். அந்த வருடக் கடைசியில் அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

இனி நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும்.

2018 சித்திரையில் குடும்ப குரூப்புக்கு ஒரு குரல் பதிவு வந்தது. வெளி மாநிலத்து ஆட்கள் இறங்கியிருக்கிறார்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், எல்லோருக்கும் சொல்லுங்கள் என்று ஒரு பெண் அழுகிற குரலில் பேசினாள். ஊர் பெயர் இல்லை, தேதி இல்லை, பேசுவது யார் என்று இல்லை. ஊர் பேர் தெரியாத ஆள் ஒரு செக்கை நீட்டினால் நான் வாங்குவேனா? அன்றைக்கு ஒரு நொடி யோசிக்காமல் வியாபாரிகள் குரூப், பள்ளி நண்பர்கள் குரூப், சம்பந்தி வீட்டு குரூப் மூன்றுக்கும் தள்ளிவிட்டேன். பேத்திக்கு அப்போது நான்கு வயது. அவள் ஞாபகம்தான் வந்தது, வேறெதுவும் மண்டையில் ஏறவில்லை.

அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், சென்னையிலிருந்து காரில் குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பத்தை ஊர்க்காரர்கள் மறித்து அடித்தார்கள். அதில் 65 வயது அம்மா ஒருவர் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்திருக்கிறார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று அவரை அடித்தே கொன்றுவிட்டார்கள். நாளிதழை விரித்து வைத்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். நான் தள்ளிவிட்ட குரல் யார் யார் காதில் விழுந்தது என்று கணக்கெடுக்க எந்த வழியும் கிடையாது. அது இன்றைக்கும் என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

வதந்தி அந்தக் காலத்திலும் உண்டு. ஆனால் அதைச் சொல்ல ஒரு ஆள் நடந்து வர வேண்டும். டீக்கடையில் நின்று முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். 'நீ பார்த்தியா? யாரு சொன்னா?' என்று கேட்க அங்கே நாலு பெரியவர்கள் இருப்பார்கள். பொய் சொன்னவன் அடுத்த நாளும் அதே தெருவில் நடமாட வேண்டும். அந்த அணை இல்லாமல் போய்விட்டது. 2018 ஜூலையில் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் தள்ள முடியாதபடி வரம்பு வைத்தது. 2020 ஏப்ரலில், பலமுறை சுற்றிய செய்தியை ஒரு தடவைக்கு ஒரு இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கியது. நல்ல வேலைதான். நாலு பெரியவர்கள் செய்ததை இப்போது ஒரு பூட்டு செய்கிறது.

சாவுச் செய்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பு கருமாதிக் கடிதம் வந்தால் அதை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள மாட்டார்கள். வாசலில் நின்று படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு, தலைக்குக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். சின்ன வயதில் எனக்கு அது மூடநம்பிக்கையாகத் தெரிந்தது. இப்போது அதன் அருமை புரிகிறது. ஒரு மனிதர் போய்விட்டார் என்று கேட்டதும் கையில் இருக்கிற வேலையை நிறுத்த வேண்டும், உடம்பு நனைய வேண்டும், அன்றைய நாள் வேறு நாளாக மாற வேண்டும். இன்றைக்கு அதே செய்தி, பிரியாணி வீடியோவுக்கும் குட்மார்னிங் ரோஜாவுக்கும் நடுவில் வருகிறது. கட்டை விரலால் இரண்டு கை கும்பிடும் படத்தைத் தட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறோம்.

2023-ல் என் பெரியப்பா மகன் இறந்தார். குடும்ப குரூப்பில் 43 பேர். ஒரு மணி நேரத்துக்குள் 31 பேர் 'ஆழ்ந்த இரங்கல்' போட்டார்கள். எடுப்பதற்கு முன்னால் வீட்டுக்கு வந்தவர்கள் அதில் ஒன்பது பேர். உள்ளூரிலேயே இருக்கிறவர்கள்கூட வரவில்லை, போட்டுவிட்டோமே என்ற நினைப்பு. பத்தாம் நாள் அண்ணி என்னிடம் சொன்னார்: "எல்லாரும் போட்டிருக்காங்கன்னு பையன் படிச்சுக் காட்டினான் தம்பி. வாசல்ல ஒரு செருப்பு சத்தம் கேக்காதான்னு நான் உக்காந்திருந்தேன்."

கல்யாணம் என் தொழிலோடு சம்பந்தப்பட்டது. வெற்றிலை பாக்குத் தட்டோடு வீடு வீடாகப் போய் பத்திரிகை வைப்பது பெரிய வேலைதான், ஒத்துக்கொள்கிறேன். 2012-ல் மூத்தவன் கல்யாணத்துக்கு நானும் மனைவியும் 180 வீடு ஏறினோம். அப்படிப் போனதில்தான் மூன்று வருடமாகப் பேசாமல் இருந்த சித்தப்பா வீட்டோடு மறுபடி பேச்சு தொடங்கியது. வாசலில் தட்டோடு வந்து நிற்கிறவனை யாரும் திருப்பி அனுப்ப முடியாது. படமாக வரும் பத்திரிகைக்கு அந்தச் சக்தி இல்லை.

போன வருடம் தெரிந்தவர் வீட்டுக் கல்யாணம். கன்னிகாதானத்துக்கான வெள்ளிச் செம்பு எங்கள் கடையில் வாங்கியது, அதனால் முன் வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்ணின் அப்பா தாரை வார்த்தார். கை நடுங்கியது, தண்ணீர் பாதி மடியில் சிந்தியது, அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேமராக்காரப் பையன் உடனே குறுக்கே வந்து, "சார், ரீல்ஸுக்கு சரியா விழலை, இன்னொரு தடவை ஊத்துங்க" என்றான். செம்பில் தண்ணீர் தீர்ந்திருந்தது. அவனுடைய உதவியாள் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைத் திருகித் திறந்து செம்பில் ஊற்றினான். சாஸ்திரிகள் மந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அப்பா மறுபடி வார்த்தார். இந்தத் தடவை கை நடுங்கவில்லை. வீடியோவில் இருப்பது அந்த இரண்டாவது தடவை.

மனசு தாங்கவில்லை எனக்கு. பெண்ணைக் கொடுப்பது வாழ்க்கையில் ஒருமுறைதான் நடக்கிற காரியம். அதை யாரோ பார்ப்பதற்காகத் திரும்பச் செய்தால், செய்தவருக்கு அதில் என்ன மிச்சம்? கடையிலும் இதன் சாயல் தெரிகிறது. நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, ஐந்தடி, அடிப்பகுதியிலிருந்து மேலே அன்னம் வரைக்கும் தனித்தனியாக வார்த்துக் கடைந்து சேர்ப்பது, இரண்டு ஆள் தூக்க வேண்டும். போட்டோ எடுக்க ஒரு நாள் வாடகைக்குத் தருவீர்களா என்று இந்த வருடம் மட்டும் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். தரவில்லை.

அப்புறம் ராத்திரி. எந்தச் செயலி என்று பெயர் சொல்ல வேண்டாம், எல்லாம் ஒரே சரக்குதான். 2021-ல் ஒரு நிமிட வீடியோக்களில் மாட்டிக்கொண்டேன். பத்தரைக்குப் படுத்து, ஒன்று பார்க்கலாம் என்று எடுத்தால் மணி ஒன்றே முக்கால். காலையில் எதைப் பார்த்தோம் என்று கேட்டால் ஒன்றுகூட நினைவில் இருக்காது. எந்தக் கடைக்கும் சாத்துகிற நேரம் உண்டு. நாளிதழுக்குக் கடைசிப் பக்கம் உண்டு, தொடர்கதைக்கு 'தொடரும்' உண்டு. இதற்கு மட்டும் அடி தட்டுவதே இல்லை. இப்படி முடிவில்லாமல் தள்ளிக்கொண்டே போகிற அமைப்பை 2006-ல் வடிவமைத்தவர் ஏசா ரஸ்கின் என்ற அமெரிக்கர். பிற்பாடு அவரே அதற்காக வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார். செய்தவரே வருந்துகிறார் என்றால் பழகுகிறவர்கள் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

வியாபாரி என்ற முறையில் இன்னொன்று எனக்கு முதலிலேயே உறைத்திருக்க வேண்டும். இலவசமாக ஒருவன் சரக்கு கொடுக்கிறான் என்றால் அவனுக்கு லாபம் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் மெட்டா நிறுவனத்துடையவை. அதன் 2023 வருமானம் ஏறக்குறைய 13,500 கோடி டாலர், அதில் நூற்றுக்கு 97 பங்குக்கு மேல் விளம்பரத்தில் வந்தது. அங்கே விற்பனைக்கு வைத்திருப்பது நம்முடைய நேரம். என் ராத்திரியை நானே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

2020 ஜூனில் டிக்டாக்கைத் தடை செய்தபோது நான் சந்தோஷப்பட்டேன். அது நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டிச் செய்தது, பண்பாட்டுக்காக இல்லை. அடுத்த மாதமே ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் ஷார்ட்ஸ் வந்தது. பெயர்ப்பலகை மாறியது, கடை அதேதான். 2025 டிசம்பரில் ஆஸ்திரேலியா, 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்ற சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது. அதை நான் மனதார வரவேற்கிறேன். வாகனத்துக்கு வயது வைக்கிறோம், கல்யாணத்துக்கு வயது வைக்கிறோம். மகன் ஒத்துக்கொள்ளவில்லை. "வீட்டுப்பாடமே குரூப்லதான் வருதுப்பா, இவளை மட்டும் எப்படி நிறுத்துறது?" என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் ஒவ்வொரு வீடாகத் தனித்தனியாகப் போராடாமல் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வேலி வேண்டும் என்கிறேன்.

இப்போது நான் எப்படிப் புழங்குகிறேன் என்று கேட்டால்: 2022 ஆடியில் வீடியோ செயலிகளை எடுத்துவிட்டேன். ஃபேஸ்புக் கணக்கு இருக்கிறது, யாருக்காவது பிறந்தநாள் என்று பார்த்தால் கூப்பிட்டுப் பேசிவிடுவேன். வாட்ஸ்அப்பில் கடையும் குடும்பமும் மட்டும். யார் அனுப்பியதையும் முன்னால் தள்ளுவதில்லை, உண்மையாக இருந்தாலும் சரி. ராத்திரி ஒன்பதுக்குக் கடை சாத்தும்போது போன் கல்லாவிலேயே தங்கிவிடும். அவசரம் என்றால் வீட்டு லேண்ட்லைன் இருக்கிறது. தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைக்குள் சாவு என்றால் நேரில் போய்விடுவேன், பஸ் இருக்கிறது. மன்னார்குடியில் இருக்கும் அக்காவுக்குப் பொங்கல் சீரை நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இடையில் இரண்டு வருடம் பணமாகப் போட்டுவிட்டேன். அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்றாம் வருடம் கரும்பும் மஞ்சள் கொத்துமாகப் போய் நின்றபோது, வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

என் பழைய போனில் நான்கு நிமிட வீடியோ ஒன்று இருக்கிறது. 2016 பிப்ரவரி 22, மகாமகம். அம்மாவுக்கு அப்போது 81 வயது. ஒரு கையில் அம்மாவைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் போனை உயர்த்திக்கொண்டு குளத்தில் இறங்கினேன். அம்மா மூன்று முறை முங்கி எழுந்தார். நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கோபுரமும் கூட்டமும் ஒழுங்காக விழுகிறதா என்று. அதற்கு அடுத்த வருடம் அம்மா போய்விட்டார். வீடியோவைப் பலமுறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். தண்ணீர் தெரிகிறது, தலைகள் தெரிகின்றன, நான் 'மெதுவா மெதுவா' என்று சொல்வது கேட்கிறது. அம்மா அதில் இல்லை.

அடுத்த மகாமகம் 2028 மாசியில். பேத்திக்குப் பதினான்கு வயது ஆகியிருக்கும். போனைக் கடையில் வைத்துவிட்டு நாம் இரண்டு பேரும் போகலாம் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். "ஒரே ஒரு போட்டோ தாத்தா, கரையில நின்னு" என்று கேட்கிறாள். இன்னும் பதில் சொல்லவில்லை.