3,800 வெள்ளியை வாங்கிக்கொண்டு ‘டாக்டர் வெளியூரில் இருக்கிறார்’ என்கிறார்கள்: ஆய்வு மாணவர்களுக்கு எச்சரிக்கை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வேலை பார்த்துக்கொண்டே முதுகலை ஆய்வு செய்யும் நம் பிள்ளைகள், எந்த ‘ஆய்வு வழிகாட்டி மைய’த்திலும் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என்னுடைய 3,800 வெள்ளியை (ரிங்கிட்) திருப்பித் தர முடியாது என்று நேற்று மாலை அப்படியொரு மையம் கையை விரித்துவிட்டது. பெயர் போடவில்லை. கடைவரிசையின் மேல்மாடியில் இருந்துகொண்டு, முகநூலில் பட்டமளிப்புப் படங்களைக் காட்டி ஆள் பிடிக்கும் இடம் அது.

நான் செம்பனை ஆலையில் கிராணி (எழுத்தர்). பெரிய தோட்டங்களைச் சிறு துண்டுகளாக விற்ற தோட்டத் துண்டாடலைப் பற்றி ஆய்வு செய்கிறேன். பல்கலைக்கழகத்தில் என் முதன்மை மேற்பார்வையாளர் சுருக்கச் சொல்லும் பகுதியை இணை மேற்பார்வையாளர் விரிக்கச் சொல்வார். அனுப்பிய வரைவுக்கு எப்போது பதில் வரும், யாரிடம் முதலில் காட்டுவது என்பதெல்லாம் பேசி முடிவாகாமலே இருந்தன. இந்தத் தவிப்பைத்தான் அந்த மையம் காசாக்கியது.

அங்கிருந்த அம்மையார் என் அம்மா எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார் என்று விசாரித்தார். தம் வீட்டாரும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள்தாம் என்றார். “தம்பி, மேற்பார்வையாளர் உங்களுக்கு என்ன செய்யணும், நீங்க அவங்களுக்கு என்ன செய்யணும், எல்லாத்தையும் எழுத்துல வாங்கிக் குடுத்திடுறோம். எங்க டாக்டர் ஒவ்வோர் அத்தியாயத்தையும் படிச்சுத் திருத்துவாரு” என்று சொல்லி, ரசீதில் முத்திரை குத்தி, அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இரண்டு கையாலும் நீட்டினார். இரண்டு கையால் கொடுப்பவரைச் சந்தேகிக்க நம்மை யாரும் வளர்க்கவில்லை. ஊழியர் சேமநிதியில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாம் கணக்கிலிருந்து எடுத்த 3,800 வெள்ளி அந்த மேசையிலேயே கைமாறியது.

வந்து சேர்ந்த ‘ஒப்பந்தக் கடித’த்தில் வேறொரு பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தது, வாரத்தில் எத்தனை மணி நேரம் ஆய்வுக்கூடத்தில் இருக்க வேண்டும், வேதிப்பொருள்களை எப்படிப் பாதுகாக்க வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தது. பழைய தொழிலாளர்களைப் பேட்டி எடுக்கும் எனக்கு எதற்கு வேதிப்பொருள்? 1960-இல் அன்றைய அமைச்சர் துன் வீ.தி.சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், துண்டாடப்பட இருந்த தோட்டங்களை வாங்கியதைப் பற்றிய அத்தியாயத்தை அவர்களுடைய ‘டாக்டர்’ திருத்தி அனுப்பியபோது, சில காற்புள்ளிகளும் ஓரத்தில் ‘நன்று’ என்ற ஒரு சொல்லுமே இருந்தன.

அதன் பிறகு டாக்டர் வெளியூரில் இருந்தார். பிறகு தீபாவளி முடியட்டும் என்றார்கள். பிறகு கணக்கர் விடுப்பில் போனார். வாட்ஸ்அப்பில் நீலக் குறி மட்டும் விழும், பதில் வராது. நேரில் போனபோது, என்னைத் தம்பி என்று அழைத்த அதே அம்மையார் ‘சார்’ என்று விளித்து, சேவை தொடங்கிவிட்டதால் பணத்தைத் திருப்பித் தரும் வழக்கமில்லை என்றார்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், 3,800 வெள்ளிக்கு விற்கப்பட்ட காரியம் ஒரே சந்திப்பில் இலவசமாக முடிந்தது. கடிதத்தைப் பார்த்துச் சிரித்துவிட்ட முதன்மை மேற்பார்வையாளர், இணை மேற்பார்வையாளரையும் அழைத்து உட்காரவைத்தார். மாதம் ஒருமுறை சந்திப்பது, வரைவுக்கு மூன்று வாரத்துக்குள் பதில் தருவது, பேட்டி முறையை இணை மேற்பார்வையாளரும் வாதத்தை அவரும் பார்ப்பது, இருவர் கருத்தும் மோதினால் அவர்களே பேசி ஒரே முடிவாகச் சொல்வது, சந்திப்பில் பேசியதை நான் அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்புவது, கட்டுரை வெளியானால் யார் பெயர் முதலில் என்பதை எழுதத் தொடங்கும் முன்பே தீர்மானிப்பது என்று எல்லாம் பேசி முடிவானது. மொழித் திருத்தம் தம் வேலையல்ல என்றும் அவர் தெளிவாகச் சொன்னார். அதுவும் தெரிந்துகொள்ள வேண்டியதுதானே.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன், கோபத்தில் கை ஓடவில்லை. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். என்னென்ன சேவை என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். உங்கள் மேற்பார்வையாளருக்குத் தெரியாத ‘டாக்டர்’ யாரையும் ஆய்வேட்டைத் தொடவிடாதீர்கள். பிறகு ஒழுங்கு நடவடிக்கை உங்கள் மேல்தான் வரும். ஏமாந்தவர்கள் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம்: 50,000 வெள்ளி வரை கோரலாம், மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. நான் 3,800 வெள்ளிக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதே மையத்தில் பணம் கட்டியவர்கள் ரசீதை எறிந்துவிடாமல் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்; ஈப்போ பக்கம் கிளை திறக்கப் போகிறார்களாம்.