ஜான் ஆடம்ஸ் வாழ்க்கை வரலாறு (தமிழ்) – ஜூனியர் வக்கீலுங்க அவசியம் வாங்கோணும்

ஈரோடு புத்தகத் திருவிழால 10 பர்சன்ட் தள்ளுபடில வாங்குனதுங்க. நான் ஒரு தாலுகா கோர்ட்ல ஜூனியரு, வாய்தா வாங்கறதும் சீனியரோட கேஸ் கட்ட தூக்கிட்டு நடக்கறதும்தான் பொழப்பு, ராத்திரி சித்த நேரம் படிக்கலாம்னு எடுத்தவன் விடியற வரைக்கும் கீழ வெக்கல.

அமெரிக்காவோட 2வது ஜனாதிபதின்னு மட்டும்தான் எனக்கு அவரத் தெரியும். ஆனா புக்ல பாதி அவரு வக்கீலா இருந்த காலமுங்க. அப்பா பண்ணையம் பாத்துக்கிட்டு செருப்பும் தைச்சவரு, பையன் 1755ல ஹார்வர்டு முடிச்சுட்டு வாத்தியார் வேலை பாத்துக்கிட்டே ஒரு வக்கீல்கிட்ட சட்டம் படிக்கறாரு. தோட்டங்காட்டுல இருந்து லா காலேஜ் போன நம்ம பசங்களுக்கு இது ரொம்ப நெருக்கமா இருக்கும்.

1770 மார்ச் 5, பாஸ்டன்ல பிரிட்டிஷ் சிப்பாய்ங்க சுட்டதுல 5 பேரு செத்துப்போறாங்க, ஊரே கொதிக்குது, அந்த சிப்பாய்ங்களுக்கு ஆஜராக ஆளக் காணோம். பிரிட்டிஷ்காரன எதுத்துப் பேசிட்டிருந்த ஆடம்ஸ்தான் அந்த வக்காலத்த வாங்கறாரு, அட்வான்ஸு ஒரே ஒரு கினி, அந்தக் காலத்து இங்கிலீஷ் தங்கக் காசு! சிப்பாய்ங்களோட கேப்டன் பிரஸ்டன் விடுதலை, 8 சிப்பாய்ல 6 பேரு விடுதலை, மிச்சம் 2 பேருக்கு கொலையாகாத மரணம்னு தீர்ப்பாகி கட்டைவெரல்ல சூடு போட்டு விட்டுட்டாங்க. நம்ம பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல 304வது பிரிவு மாதிரின்னு வெச்சுக்கோங்க.

எங்க பக்கம் ஒரு கேஸ்ல யாரும் ஆஜராகக் கூடாதுன்னு பேச்சு வந்தப்ப நானும் வாய மூடிட்டுத்தான் நின்னேன். இந்த இடத்தப் படிச்சதும் அது ஞாபகம் வந்துருச்சுங்க, புக்க அப்படியே கவுத்து வெச்சுட்டு திண்ணைல போயி உக்காந்துட்டேன்.

கொறையும் இருக்குதுங்க. ஆடம்ஸும் அவரு சம்சாரம் அபிகெயிலும் எழுதிக்கிட்ட கடிதாசி 1,100க்கு மேல இருக்குது, இதுல அந்தம்மாவுக்கு நாலே பக்கம். சட்டம் போடறப்ப பொம்பளைங்கள மறந்துறாதீங்கன்னு 1776ல எழுதுன கடிதாசியவே ஒத்த வரில தாண்டிட்டாங்க, அது எனக்குப் பொறுக்கல. 1797ல இருந்து 1801 வரைக்கும் ஜனாதிபதியா இருந்ததும் வேகவேகமா ஓடுது. பேரெல்லாம் ஒரு பக்கம் பிரஸ்டன், அடுத்த பக்கம் பிரெஸ்டன். பைண்டிங் படுமோசம், மூணாம் நாளே நடுப்பக்கம் கையோட வந்துருச்சு.

இருந்தாலும் வாங்குங்க, அந்தக் கேஸ் விசாரணை ஒண்ணுக்காகவே வாங்குங்க. இப்ப எங்க சீனியரு கேட்டு வாங்கிட்டுப் போயிருக்காரு, திரும்பி வந்ததும் பைண்டிங் கடைல குடுத்து தைச்சுப் போடோணும்.