எல்லாம் நன்றாக இருக்கிறது, கார்பன் மட்டும் இல்லை

தாராபுரத்து மச்சான் போனில் கேட்டார். "ஏனுங் மச்சா, ஏஜி4 மெஷினு, டிரில்லு, பிட் செட்டு எல்லாஞ் சேத்தி ரெண்டாயிரத்துச் சொச்சத்துக்குத் தர்றாங்களாமா. சைனா ஐட்டம். வாங்கலாமுங்ளா?" ஏஜி4 என்றால் இரும்பு அறுக்கவும் தேய்க்கவும் ஓட்டுகிற 4 இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர். அவர் கேட்ட நேரம் அப்படி. அதே மாதிரி மெஷின் ஒன்று, என்னுடையது, இந்த வாரம்தான் மோட்டார் காயில் கட்டுகிறவர் கடையில் பிரித்துப் போட்டபடி கிடக்கிறது. அதனால் இதில் கொஞ்சம் சூடு இருக்கும். ஆனாலும் மெஷினுக்குச் சேர வேண்டிய நல்ல பேரை மறைக்க மாட்டேன்.

எங்களுக்குக் காங்கேயம் பக்கம் தோட்டம். மேய்ச்சல் கொறங்காட்டுக் கடவுக்கு இரும்புக் கதவு, கட்டுத்தரைக்குத் தகரம், கலப்பைக் கொழு, போர் பைப்பு, தண்ணித்தொட்டிக்கு எல் வடிவ ஆங்கிள் இரும்பு என்று மாசத்துக்கு நாலு தடவையாவது ஏதாவது அறுக்கவோ தேய்க்கவோ இருக்கும். தினமும் எட்டு மணி நேரம் ஓட்டுகிற வெல்டிங் பட்டறை கணக்கு இல்லை இது. பேர் போன கம்பெனி மெஷின் விலையில் பாதிக்கு வாங்கினேன். மூன்று வருஷத்துக்கு மேல் ஓடியது. லேபிளில் 850 வாட்ஸ், 11,000 சுற்று. ஒயரைக் கவ்விக் கரண்ட் அளக்கிற கிளாம்ப் மீட்டர் போட்டுப் பார்த்தால் ஆங்கிளை அழுத்தி அறுக்கும்போது 3 ஆம்பியர் சுமார்தான் இழுக்கும். 230 வோல்ட்டால் பெருக்கினால் 700 வாட்ஸைத் தொடாது. லேபிளைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும், 4 இஞ்ச் டிஸ்க்குக்கு அந்த சக்தி தாராளம்.

கியர் பெட்டியைப் பற்றி நான் எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது ஒன்று. முதலில் போகப்போவது கியர்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். இப்போது பிரித்தபோது பார்த்தேன், பல் ஒன்றுகூட மழுங்கவில்லை. கிரீஸ் கறுத்திருந்தது, அவ்வளவுதான். நடுவில் ஒருமுறை பின்பக்கத்து பேரிங் கத்த ஆரம்பித்தது. கழற்றினால் ஓரத்தில் 607 என்று அச்சு. உள்துளை 7 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 19, கனம் 6. அந்த நம்பர் ஜப்பானில் செய்தாலும் ஜெய்ப்பூரில் செய்தாலும் ஒரே அளவு. காங்கேயத்திலேயே நல்ல கம்பெனி பேரிங்காக வாங்கிப் போட்டேன். வாங்கின நாளில் இருந்த சத்தத்தைவிடக் குறைந்த சத்தத்தில் ஓடியது. அன்றைக்கு யார் கேட்டிருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லியிருப்பேன்.

என்னை வெறுக்க வைத்தது கார்பன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த மாதிரி மெஷினில் சுற்றுகிற ஆர்மேச்சருக்குக் கரண்ட் போவது இரண்டு கார்பன் துண்டுகள் வழியாக. செம்புப் பட்டைகள் வரிசையாக அடுக்கின கம்யூட்டேட்டர் மேல் அவை உரசிக்கொண்டே இருக்கும். தேயத்தான் வேண்டும், தேய்வதற்கென்றே செய்த பொருள். ஐம்பது ரூபாய் சுமாருக்கு ஒரு ஜோடி மாற்றினால் மெஷின் மறுபடி புதுசு. நல்ல கம்பெனிகள் சிலது கார்பனுக்குள்ளேயே ஒரு சின்ன ஸ்பிரிங்கும் ஊசியும் வைத்திருப்பார்கள். கார்பன் குட்டையானதும் ஊசி வெளியே தள்ளி, கார்பனைக் கம்யூட்டேட்டரிலிருந்து தூக்கிவிடும். மெஷின் தானாக நின்றுவிடும். செம்பு தப்பிக்கும். என்னுடையதில் அந்த ஏற்பாடு இல்லை. அதைக்கூட மன்னிக்கலாம், மூடியைத் திறந்து அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும்.

கார்பனின் அளவுதான் மன்னிக்க முடியாதது. கடையில் அட்டையில் கோத்துத் தொங்கவிட்டிருக்கிற எந்த ஜோடியும் இதற்குச் சேராது. ஒன்று போட்டால் கார்பன் உட்காருகிற ஹோல்டருக்குள் கடகடவென ஆடும், அடுத்த அளவு நுழையவே நுழையாது. காங்கேயத்தில் கேட்டேன், திருப்பூரில் கேட்டேன், கோயம்புத்தூரில் நஞ்சப்பா ரோட்டில் கடை கடையாகக் கேட்டேன். எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: "நம்பர் சொல்லுங்ணா." கார்பனிலும் நம்பர் இல்லை, பெட்டியிலும் இல்லை, கூட வந்த தாளிலும் இல்லை. கூடக் கொடுத்த ஸ்பேர் ஜோடி தீர்ந்த அன்றைக்கே இந்த மெஷினின் ஆயுசு எழுதியாகிவிட்டது என்று இப்போது புரிகிறது.

அதற்குப் பிறகு ஒரு சைஸ் பெரிய கார்பனை வாங்கித் தேய்த்துத்தான் போட்டேன். கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளைப் பரப்பி, கார்பனைப் படுக்க வைத்து ஒரே திசையில் இழுக்க வேண்டும். நாலு இழுப்புக்கு ஒருமுறை ஹோல்டரில் விட்டுப் பார்க்க வேண்டும். தன் கனத்திலேயே வழுக்கி இறங்கினால் சரி. இறுக்கமாக இருந்தால் பாதியில் தொங்கிக்கொள்ளும், ஸ்பிரிங்கால் தள்ள முடியாது, பொறி பறக்கும். ஒரு முகத்தில் ஒரு மயிரிழை அதிகம் தேய்ந்துவிட்டால் சாய்ந்து உட்காரும். விரல் ரேகைக்குள் ஏறின கறுப்பு ரெண்டு நாளைக்குப் போகாது. போட்டபின் லோடு இல்லாமல் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, முனை கம்யூட்டேட்டரின் வளைவுக்குப் படியவிட வேண்டும். ஐம்பது ரூபாய் சாமானுக்கு ஒரு காலை நேரம் முழுக்கப் போகும். தோட்டத்தில் ஆளை நிறுத்தி வைத்துக்கொண்டு இந்த வேலை செய்கிறபோது வருகிற எரிச்சல் சாதாரணமானது இல்லை.

காயில் கட்டுகிற அண்ணன் முப்பது வருஷமாகக் கிணத்து மோட்டார், போர் மோட்டார், தறி மோட்டார் எல்லாம் கட்டுகிறவர். ஆர்மேச்சரை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். செம்புப் பட்டைகளில் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. "நீங்க போட்ட கார்பன் இதுக்குண்டான கிரேடு இல்லீங்க தம்பி. இது கெட்டி. கார்பன் தேயறதுக்குப் பதிலா செம்பைத் தின்னுபோட்டுது." லேத்தில் ஏற்றி ஒரு சீவு சீவலாமா என்று கேட்டேன். அதற்குச் செம்பு மிச்சம் இல்லை. கம்பி புதுசாகக் கட்டித் தர அவருக்குக் கையிருக்கிறது. மாட்டக் கம்யூட்டேட்டர் வேண்டுமே. ரெடிமேடு ஆர்மேச்சர் வைத்துப் பார்த்தார். ஒன்றில் தண்டு நீளம் சேரவில்லை, இன்னொன்றில் தண்டு முனையில் இருக்கிற சின்னப் பல்சக்கரம், பினியன், அதன் பல் சேரவில்லை. கியர் நல்லது, பேரிங் நல்லது, சுற்றாமல் நிற்கிற ஃபீல்டு காயில் நல்லது, பாடியில் ஒரு விரிசல் கிடையாது. இத்தனையும் இருந்தும் மெஷின் செத்துவிட்டது.

இதை நான் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதற்கு நம் ஊர்தான் காரணம். 1937லேயே ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செய்து காட்டிய கோயம்புத்தூர் இது. பம்புசெட்டிலும் மாவு கிரைண்டரிலும் பிழைத்து வளர்ந்த சீமை. எந்தச் சந்தையூரில் இறங்கினாலும் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் காயில் கட்டுகிற கடை ஒன்று இருக்கும். ஆயிரம் அடி ஆழத்தில் எரிந்துபோன போர் மோட்டாரைத் தூக்கி, கட்டி, மறுபடி இறக்கித் தண்ணீர் எடுக்கிறோம். எங்கள் அப்பா வாங்கின கிணத்து மோட்டார் எத்தனை முறை கட்டினது என்று கணக்கே இல்லை, இன்னும் ஓடுகிறது. கை நிறைய வேலை தெரிந்த ஆட்கள் இருக்கிற ஊரில், உள்ளங்கை அளவு ஆர்மேச்சரைக் காப்பாற்ற முடியவில்லை என்றால் குறை அந்த ஆட்களிடம் இல்லை.

சைனா என்பதாலேயே மட்டம் என்று நான் சொல்லவில்லை. மகிட்டா ஜப்பான் கம்பெனி. அவர்களுக்கே சீனாவில் குன்ஷானில் பெரிய ஃபாக்டரி இருக்கிறது. அங்கிருந்து வருகிற மெஷினுக்கும் கார்பன் நம்பர் உண்டு, கேட்ட கடையில் கிடைக்கும். சீனாவின் செஜியாங் மாகாணத்தில் யோங்காங் என்ற ஊர் முழுக்க ஹார்டுவேர் தொழில்தான். அந்த மாதிரி ஊர்களில் ஒருத்தர் பாடி வார்ப்பார், ஒருத்தர் ஆர்மேச்சர் கட்டுவார், இன்னொருத்தர் எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டுவார். இங்கே இறக்குமதி செய்கிறவர் தன் பேரை ஒட்டிக்கொள்வார். அடுத்த லாட்டில் எது மலிவாகக் கிடைத்ததோ அது உள்ளே போகும். பக்கத்துத் தோட்டத்து மாமா என்னுடையதைப் பார்த்துவிட்டு அதே பேர், அதே பச்சைக் கலர் மெஷினை மறு வருஷம் வாங்கினார். அவருடையதிலிருந்து ஒரு கார்பனைக் கடன் வாங்கலாம் என்று போய்த் திறந்தால், அதில் வேறு சைஸ். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

தோட்டத்தில் ஓட்டுகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சாளை வீட்டிலிருந்து தொட்டி வரைக்கும் மெல்லிசு ஒயரை நீட்டி, சாயங்காலம் வோல்டேஜ் இறங்கின நேரத்தில் ஓட்டினால் சுற்று குறையும். சுற்று குறைந்தால் அறுக்காது. அறுக்கவில்லை என்று இன்னும் அழுத்துவோம். அழுத்தினால் கரண்ட் ஏறும். குளிர வைக்கிற விசிறியும் அதே தண்டில்தான் இருக்கிறது, அதுவும் மெதுவாகச் சுற்றும். சூடு ஏறி காயில் மேல் பூசின வார்னிஷ் வாசம் வரும். மலிவு மெஷினில் செம்புக் கம்பியைக் கணக்குப் பார்த்துச் சுற்றியிருப்பதால் இந்தச் சூட்டைத் தாங்கும் சக்தி குறைவு. கொஞ்சம் கனமான ஒயராக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க் விஷயத்தில் மட்டும் யாரும் காசு பார்க்கக் கூடாது, மெஷின் எதுவாக இருந்தாலும். 4 இஞ்ச் டிஸ்க்கின் ஓரம் 80 மீட்டர் வேகம் வரை, அதுவும் ஒரு வினாடிக்கு, தாங்கும்படி செய்யப்படுகிறது. அதனால்தான் அதன் மேல் 15,200, 15,300 என்று அதிகபட்சச் சுற்று போட்டிருக்கும். நல்ல டிஸ்க்கின் நடு வளையத்தில் காலாவதி மாசமும் வருஷமும் அச்சடித்திருக்கும். உள்ளே பிடித்து வைத்திருப்பது பிசின். ஈரத்திலும் நாள்பட்டும் அது வலுவிழக்கும். டிஸ்க்கை மறைக்கிற மூடாக்கைக் கழற்றிவிட்டு மரம் அறுக்கிற பல் பிளேடை இதில் மாட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். தென்னம்பாளை, வேலிக் கிளுவை எதையும் இதில் அறுக்காதீர்கள். பிளேடு மாட்டிக்கொண்டு எகிறினால் கையிலும் கழுத்திலும்தான் வந்து நிற்கும்.

மச்சான் பேட்டரி மெஷினையும் கேட்டார், 48 வோல்ட் என்று போட்டிருக்கிறதாம். 88, 128 என்றெல்லாம்கூட ஸ்டிக்கர் வருகிறது. என் தம்பி வாங்கினதன் பேட்டரியைத் திறந்து பார்த்திருக்கிறேன். 18650 என்கிற செல், அதாவது 18 மில்லிமீட்டர் விட்டம், 65 நீளம், பத்து. ரெண்டு ரெண்டாகச் சேர்த்து ஐந்து வரிசை. ஒரு செல் முழுசாக ஏறினால் 4.2 வோல்ட், ஐந்துக்கு 21. சராசரியாக 3.6, ஐந்துக்கு 18. வெளியில் எந்த நம்பர் ஒட்டினாலும் உள்ளே ஐந்து வரிசைதான் என்றால் அது 18 வோல்ட் மெஷின். நான் மீட்டர் வைத்தபோது நாலு வரிசை ஒரு மாதிரியும் ஒன்று மட்டும் ரொம்பக் கீழேயும் இருந்தது. வரிசைகளைச் சமப்படுத்துகிற சர்க்யூட் அதில் இல்லாததால் அந்த ஒன்றுக்காக மொத்தப் பேட்டரியும் போனது. இதைத் தொடவே வேண்டாம்.

டிரில் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதுவும் மலிவு இறக்குமதிதான், நன்றாக இருக்கிறது. ஒரு ஓட்டை போட அரை நிமிஷம் ஓடும், அப்புறம் சும்மா கிடக்கும். அதன் கார்பன் இன்னும் முக்கால்வாசி இருக்கிறது.

கணக்குப் போட்டால் என் ஏஜி4 கொடுத்த காசுக்கு மேலேயே உழைத்துவிட்டது. இந்த வேலைகளுக்குக் கூலிக்கு ஆள் வைத்திருந்தால் ஆகியிருக்கும் செலவை மட்டும் பார்த்தாலும் போட்ட காசு எப்போதோ திரும்பிவிட்டது. இருந்தாலும் மச்சானுக்கு என் பதில், ஏஜி4 வாங்காதீங்க. பாஷ், மகிட்டா மாதிரி ஊரெல்லாம் பார்ட்ஸ் கிடைக்கிறதில் சாதாரண 4 இஞ்ச் மாடல் போதும், 11,000 சுற்றுள்ளது. ஆயிரம் ரூபாய் கூடுதலாக ஆகும், ஆகட்டும். டிரில் வேண்டுமென்றால் மலிவில் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

இல்லை, இந்த விலைக்கு விட மனசில்லை என்றால், கடைக்காரர் முன்னாலேயே கார்பன் மூடியைத் திறந்து ஒரு துண்டை வெளியே எடுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு தாராபுரத்தில் ரெண்டு ஸ்பேர் கடை ஏறி இறங்குங்கள். அப்படியே நுழைகிற ஜோடி, தேய்க்காமல், கிடைத்தால் நாலு ஜோடி வாங்கிவிட்டு அப்புறம் மெஷினுக்குக் காசு கொடுங்கள். கார்பனை எடுத்துப் போக விடமாட்டேன் என்கிற கடையில் வாங்க வேண்டாம்.