விமானப் பயணத்துக்கென்றே தைத்த ஜீன்ஸ் என்று விற்கிறார்கள், வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள்

ஜன்னலோர சீட்டில் காலை மடக்கி ஒரு பெண் நிம்மதியாகத் தூங்குவது போல ஒரு விளம்பரம் இப்போது போனில் அடிக்கடி வருகிறது. நாலு பக்கமும் இழுபடும், கசங்காது, பாஸ்போர்ட் வைக்க ஜிப் போட்ட ரகசிய பாக்கெட், உலோகமே கிடையாது, செக்யூரிட்டியில் நிற்கவே வேண்டாம் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். லண்டனில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகும்போது போட்டுக்கொள்ளலாம் என்று 2,499 ரூபாய் கட்டி வாங்கினேன். சொன்னதில் ஒன்றுகூட உண்மையில்லை. பணத்தையும் திருப்பித் தர மறுக்கிறார்கள்.

சென்னையிலிருந்து லண்டனுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே போக வேண்டும். ரத்தம் கீழே தேங்கிக் கணுக்கால் வீங்கும். விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போலத்தான் இருக்கும் என்பதால் வயிற்றில் உள்ள வாயு விரிந்து இடுப்பு இறுகும். என் வயதில் இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. தளர்வான, அதே சமயம் பார்க்க நன்றாக இருக்கும் ஜீன்ஸுக்கு ஆசைப்படுவதில் ஒரு தவறும் இல்லை. அந்தத் தேவையைத் தெரிந்துகொண்டுதான் இவர்கள் ஏமாற்றுகிறார்கள்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம்தான் பார்சல் வந்தது. முதலில் அந்த ரகசிய பாக்கெட்டைப் பார்த்தேன். நம் பாஸ்போர்ட் பன்னிரண்டரை சென்டிமீட்டர் உயரம். பாக்கெட்டுக்குள் ஸ்கேலை விட்டால் ஒன்பதில் முட்டி நிற்கிறது. மூன்றரை சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, ஜிப்பை எப்படி மூடுவது? ‘உலோகம் இல்லை’ என்ற பட்டனைச் சுரண்டினால், மேலே பிளாஸ்டிக் மூடி, உள்ளே இரும்பு. சென்னை விமான நிலையத்தில் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கதவுச் சட்டத்தைத் தாண்டும்போதே கத்தியது. அது கத்தாவிட்டாலும், நம் ஊர் விமான நிலையங்களில் கையில் பிடிக்கும் கருவியால் தடவிப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். நிற்கவே வேண்டாம் என்று எந்த ஜீன்ஸ் கம்பெனியும் சொல்ல முடியாது.

இடுப்பில் எலாஸ்டிக் என்றார்கள். பின்பக்கம் நாலு விரல் அகலத்துக்கு மட்டும் வைத்துத் தைத்திருந்தார்கள். பாதி வழியிலேயே பட்டனைக் கழற்றிவிட்டு, மேலே துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இறங்கிப் பார்த்தால் வெள்ளைக் குர்தியின் ஓரம் முழுக்க நீலம்.

ஊருக்குத் திரும்பியதும் திருப்பூரில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் தம்பியிடம் காட்டினேன். துணியைக் குறுக்கே இழுத்தான், கொஞ்சம் வந்தது. நீளவாக்கில் இழுத்தான், அசையவே இல்லை. “அக்கா, ஸ்ட்ரெச் டெனிம்ல பெரும்பாலும் ஊடை நூல்லதான், அதாவது குறுக்கே ஓடுற நூல்லதான், ஸ்பான்டெக்ஸ்ங்கிற இழுபடுற இழை இருக்கும். நாலு பக்கமும் இழுபடணும்னா பாவுலயும், அதாவது நீளவாக்குல ஓடுற நூல்லயும், கலந்திருக்கணும். இதுல இல்லை. முட்டி எப்படித் தொங்கிப் போச்சு பாரு, இழுத்தது திரும்பவே இல்லை” என்றான். உள்ளே துணியின் கலவை விகிதம் போட்ட லேபிளைத் தேடினான். வெட்டியெடுத்த இடத்தில் இரண்டு நூல் முனைதான் இருந்தது.

சாயத்துக்கும் காரணம் சொன்னான். ஜீன்ஸுக்குப் போடும் இண்டிகோ என்ற நீலச் சாயம் நூலின் மேலேயே படிந்து நிற்கும், உள்வரை இறங்காது. தைத்த பிறகு நன்றாக வாஷ் பண்ணாவிட்டால் உரசும் இடமெல்லாம் ஒட்டும். புது ஜீன்ஸ் எதுவானாலும் ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் உள்பக்கம் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நீலம் ஒட்டினால் அதைப் போட்டுக்கொண்டு பயணம் போகாதீர்கள்.

லண்டன் போய்ச் சேர்ந்த மறுநாளே, ரிட்டர்ன் கெடு முடிவதற்கு முன்பே, போட்டோக்களோடு வாட்ஸ்அப்பில் புகார் அனுப்பிவிட்டேன். “டியர் கஸ்டமர், சேல் ஐட்டத்துக்கு ரீஃபண்ட் கிடையாது, கூப்பன் தருகிறோம்” என்ற ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது. கமென்ட்டில் எழுதினேன், அழித்தார்கள். முகவரி கேட்டேன், பதிலே இல்லை.

சேல் ஐட்டம் என்பதெல்லாம் சட்டத்தின் முன் செல்லாது. 2020-ல் வந்த மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன அம்சங்கள் பொருளில் இல்லையென்றால் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. கம்பெனியின் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, குறைதீர்ப்பு அதிகாரியின் விவரம் எல்லாம் தளத்தில் இருக்க வேண்டும். புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆன்லைனில் எதை வாங்கினாலும், பணம் கட்டும் முன் இந்த விவரங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கடையே வேண்டாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்தேன். அதற்கப்புறம்தான் அவர்களிடமிருந்து போன் வந்தது. பாதிப் பணம் தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்றார் பேசியவர். முடியாது என்று சொல்லிவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை.

அதே பெண், அதே ஜன்னலோர சீட் படம் இப்போது வேறொரு கடையின் பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது. இதே ஜீன்ஸை நீங்களும் வாங்கியிருந்தால் விளம்பரத்தையும் பில்லையும் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். என் புகார் போன பிறகு, பழைய பக்கத்தில் ‘உலோகமே கிடையாது’ என்ற வரியை நீக்கிவிட்டார்கள். அந்த வரி இருந்த படம் என்னிடம் இருக்கிறது, அதையும் சேர்த்துத்தான் மனு கொடுக்கப் போகிறேன்.