ஒரு ஜோடி கேட்டால் இரண்டு ஜோடி ஏறிய கடை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. மூன்று வருடமாக ஷாப்பிஃபையில் ஆன்லைன் கடையும் நடத்துகிறேன். ஆடிப் பண்டிகைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கடைப் பக்கம் கோளாறாகிவிட்டது. நகர வேண்டிய கொலுசுப் படங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நீளமாகத் தொங்கின. எந்த அளவைத் தொட்டாலும் பத்து இஞ்சிலேயே நின்றது. அதைவிட மோசம் கார்ட். ஒரு ஜோடிக்கு அழுத்தினால் இரண்டு ஜோடி ஏறியது. மேட்டூரிலிருந்து ஒரு அம்மா போன் செய்து, "ஒண்ணுதானே கேட்டேன், எதுக்குங்க ரெண்டுக்குக் காசு காட்டுது?" என்றார். எடையில் நாலு மில்லி கூடினாலும் சொல்லிவிட்டுக் கொடுப்பவர் என் அப்பா. அந்தக் கேள்வி எனக்கு அன்று இரவு முழுக்க உறுத்தியது.

முதலில் கேட்ட இடத்தில் தீம், அதாவது கடைப் பக்கத்தின் வடிவமைப்பு, பழசாகிவிட்டது, புதிதாகப் போட 18,000 ரூபாய் என்றார்கள். அப்புறம்தான் அழகாபுரத்தில் வீட்டிலிருந்தே இணையதளங்களைச் சரிசெய்து தரும் ஒரு பெண்ணைப் பற்றி நண்பர் சொன்னார்.

"புது தீம் எதுக்குங்கண்ணா? முதல்ல இருக்கறதப் பாப்போம்" என்று சொல்லி, தீமுக்கு ஒரு நகல் எடுத்துவிட்டு அதில்தான் கை வைத்தார். எஃப் 12 அழுத்தி, பக்கத்தின் பிழைகளைக் காட்டும் கன்சோலைத் திறந்ததும் சிவப்பு வரி: படங்களை நகர்த்தும் ஸ்லைடர் 'ஒரு ஃபங்க்‌ஷன் அல்ல' என்று இருந்தது. பக்கத்தோடு என்னென்ன ஏறுகிறது என்று காட்டும் நெட்வொர்க் பகுதியில் ஜேக்வெரி என்று தேடினார். ஸ்லைடர் போன்றவை இயங்க உதவும் ஆயத்த நிரல் தொகுப்பு அது. இரண்டு வந்தது. மேலே 3.6.0 பதிப்பு, பக்கத்தின் அடியில் பழைய 1.11.3. அடியில் இருந்தது, நாங்கள் போன வருடமே நீக்கிய ஒரு கவுன்ட்டவுன் ஆப் விட்டுப்போனது. ஆப்பை நீக்கினாலும் அது தீமுக்குள் எழுதிய வரி சில சமயம் அப்படியே கிடக்குமாம். அதுவரை வேலைசெய்த கடை, அந்த வாரம் ஸ்லைடரை அப்டேட் செய்து வரிகளை இடம் மாற்றியபோது படுத்திருக்கிறது.

என் தொழிலில் வைத்துச் சொன்னால், ஒரு கொலுசின் திருகு இன்னொரு கொலுசின் மரையில் ஏறாது. ஸ்லைடர் முதல் ஜேக்வெரியோடு மாட்டிக்கொண்டது. பின்னால் வந்த பழையது அதே பெயரையும், ஜேக்வெரியைக் கூப்பிடச் சுருக்கமாக எழுதும் அதே டாலர் குறியையும் பிடித்துக்கொண்டது. ஸ்லைடரைக் கூப்பிட்டபோது, அதைத் தெரியாத ஜேக்வெரி பதில் சொன்னது. பிழை வந்த இடத்திலேயே ஸ்கிரிப்ட் நின்றுவிட்டதால் அளவுப் பெட்டியும் அசையவில்லை.

கார்ட் கோளாறு வேறு. கார்ட் ஸ்கிரிப்டே இரண்டு இடத்தில் ஒட்டப்பட்டிருந்தது. ஒரு அழுத்தலை இரண்டு பேரும் கேட்டு, ஆளுக்கு ஒரு ஜோடி போட்டிருக்கிறார்கள்.

பழைய ஜேக்வெரியை எடுத்ததும் விமர்சனப் பெட்டி நின்றுபோனது. அதில் இருந்த 'சைஸ்' என்ற கட்டளை ஜேக்வெரி 3-லிருந்து கிடையாது என்று காட்டி, 'லென்த்' என்று மாற்றினார். இந்த இடத்தில்தான் எனக்கு அவர் மேல் முழு நம்பிக்கை வந்தது. ஒன்றைச் சரிசெய்து இன்னொன்றை உடைத்துவிட்டுப் போகவில்லை. என் போன், அப்பாவின் பழைய போன், லேப்டாப் மூன்றிலும் ஆர்டர் போட்டுப் பார்த்த பிறகே நகலை நிஜக் கடையாக்கினார்.

ஒன்றரை நாள், 2,500 ரூபாய். என்னென்ன மாற்றினார் என்று ஒரு பக்கம் தமிழிலேயே எழுதியும் கொடுத்தார்.

குறையும் உண்டு. பகலில் போன் எடுக்க மாட்டார், மாலை ஆறுக்கு மேல்தான். பண்டிகை நேரத்தில் கடை முடங்கியவருக்கு அந்தக் காத்திருப்பு கஷ்டம். பில்லும் கேட்ட பிறகுதான் வந்தது.

பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். செவ்வாய்ப்பேட்டைக்காரர்கள் பட்டறைக்கு வந்தால் நம்பர் தருகிறேன். போகும்போது இதுவரை நீக்கிய ஆப்களின் பட்டியலை எழுதி எடுத்துப் போங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்.