தூரமா, சுவரா? ஒதுக்குப்புற கேம்ப்புக்கு எது காப்பு

பாலைவனத்துல எண்ணெய் கேம்ப், ராணுவ முகாம் மாதிரி ஊரை விட்டு தள்ளி இருக்குற இடத்துக்கு லேஅவுட் போடும்போது வர்ற கேள்வி ஒண்ணுதான். குண்டு வெச்ச வண்டி வந்தா தாங்கணும், அதுக்கு வேலிய தூரமா தள்ளிப் போடுறதா, இல்ல பக்கத்துலயே கெட்டியா சுவர் எழுப்பிடுறதா? நான் தூரத்து கட்சி.

1996 ஜூன் 25, சவுதியில அமெரிக்கப் படை தங்கியிருந்த கோபார் டவர்ஸ பாருங்க. எட்டு மாடி கட்டடம், வேலிக்கு அந்தப்பக்கம் டேங்கர் லாரி, நடுவுல சுமார் 25 மீட்டர்தான். கான்கிரீட் தடுப்பெல்லாம் இருந்துச்சு, லாரி உள்ள வரல, ஆனா வெளிய நின்னே வெடிச்சு 19 அமெரிக்க விமானப்படை வீரர்கள் செத்துப் போனாங்க, நூத்துக்கணக்கானவங்களுக்கு காயம், அதுல பாதிக்கு மேல கண்ணாடி சில்லு செஞ்ச வேலை. மொட்டைமாடி காவலர்கள் லாரிய பார்த்து சந்தேகப்பட்டு மாடி மாடியா கதவ தட்டுனதாலதான் சாவு அதோட நின்னுச்சு. அப்புறம் படைய அல் கர்ஜ் பக்கம் பாலைவன தளத்துக்கே மாத்திட்டாங்க.

தூரத்தோட பலம் என்னன்னா, கிட்டத்துல தூரம் ரெண்டு மடங்கானா வெடி அழுத்தம் பாதியா குறையாது, எட்டுல ஒரு பங்கு அளவுக்கே விழுந்துடும். சுவர் அப்படி இல்ல, குண்டுக்கு ஒட்டியோ கட்டடத்துக்கு ஒட்டியோ இருந்தாதான் சரியா வேலை செய்யும், நடுவுல எங்கயோ நிறுத்துனா வெடி அலை சுவர் மேல ஏறி அந்தப்பக்கம் மறுபடி சேர்ந்துக்கும்.

சரி, வேலிய தள்ளிப் போட இடம் இல்ல, சுவர்தான்னா எந்த சுவர்? ரெடிமேட் கான்கிரீட் பலகை மெலிசா நிக்கும், இடத்த அடைக்காது, ஆனா ஒவ்வொண்ணும் பல டன், ட்ரெய்லரும் கிரேனும் வேணும், ரோடே இல்லாத இடத்துல அது பெரிய பாடு. ஹெஸ்கோ கூடை மடிச்சே வந்துடும், கம்பி வலை, உள்ள துணி, அங்க கிடக்குற மண்ணையே லோடர் வெச்சு கொட்டுனா முடிஞ்சது. வெள்ளத்துக்கும் மண்ணரிப்புக்கும்னு இங்கிலாந்துல செஞ்ச சாமான் இது. அகலம்தான் நிறைய பிடிக்கும், துணி வெயில்ல நாளாவட்டத்துல நைஞ்சுபோகும். ஒதுக்குப்புற கேம்ப்புன்னா யோசிக்காம ஹெஸ்கோ.

தூரத்துக்கும் ஒரு குறை இருக்கு, வேலி நீண்டா காவலுக்கு ஆள் கூடும், ஆள் இல்லாத நீள வேலி சும்மா கோடுதான். வானத்துல வர்றதுக்கு தூரம் உதவாது. சவுதியில அப்கைக் எண்ணெய் ஆலைக்கு 2006ல கார் குண்டு வந்தப்போ கேட்டுலயே மடக்கிட்டாங்க, 2019 செப்டம்பர்ல ட்ரோன் வந்தப்போ கேட்டுக்கு வேலையே இல்ல.

உள்ள எத எங்க வைக்கிறோம்ங்கிறதும் அதே அளவு முக்கியம், இத யாரும் பேசுறதே இல்ல. ஆளுங்க மொத்தமா கூடுற மெஸ்ஸு, படுக்குற கேபின் ரெண்டையும் கேட்டுக்கு எட்டாத பக்கம் வைங்க, ஸ்டோர், தண்ணி டேங்க் முன்னாடி இருக்கட்டும். நான் வேலை பார்த்த ஒரு கேம்ப்ல வெளியாட்கள் வண்டி நிறுத்துற இடம் மெஸ் ஜன்னலுக்கு நேர் எதிர்ல. நடந்தே அளந்தேன், பதினோரு எட்டு. ஜன்னல்ல சாதா கண்ணாடி, சில்லு சிதறாம பிடிச்சு வைக்கிற பிலிம்கூட ஒட்டல, மத்தியானம் ஒரு மணிக்கு உள்ள இருநூறு பேர் தட்டோட உட்கார்ந்திருப்பாங்க. அந்த பார்க்கிங்க கேட்டுக்கு வெளிய மாத்த தேவைப்பட்டது ரெண்டு லோடு ஜல்லியும் ஒரு போர்டும்தான், அதுக்கு ஆறு மாசம் லெட்டர் எழுதினேன்.